டிவியில் வரைந்த அன்னம்

குமரகுருவுக்குக் கண் மங்கிய விஷயம் காஞ்சிபுரத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். கண் டாக்டர், மனைவி மஹாலட்சுமி, அப்புறம் குமரகுரு. இந்த மூன்றாவது ஆள் அதை ஒப்புக்கொள்ளவே ஆறு மாதம் எடுத்துக்கொண்டதால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அவர் தொழில் அப்படிப்பட்டது. பட்டுப்புடவையின் பார்டரிலும் முந்தானையிலும் வரும் மயில், யாளி, மாங்காய் எல்லாம் முதலில் கட்டம் போட்ட காகிதத்தில்தான் உருவாகும். எந்தக் கட்டத்தில் சிவப்பு அடிக்கிறார்களோ அங்கே ஜரிகை மேலே தெரியும். அடிக்காத இடத்தில் தெரியாது. அந்தக் காகிதத்துக்கு ஊரில் கிராப் என்று பெயர். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள், அட்டையைத் தறிமேல் ஏற்றுவார்கள், தறி மறுபேச்சு பேசாமல் அப்படியே நெய்யும். கிராப்பில் இரண்டு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும். இருபத்திரண்டு வருஷமாகக் குமரகுரு கிராப் போடுகிறார். அவர் போட்ட எந்த மயிலுக்கும் மூக்கு கோணியதில்லை.

சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. அது மெல்ல ஏறிக் கண்ணுக்குப் போய்விட்டது. பவர் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் போனார்.

"கண்ணாடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. உள்ள இருக்கற திரைதான் கெட்டுப்போயிருக்கு. ஊசி போட்டுக்கினே வரணும். இருக்கறத காப்பாத்தலாம், போனது வராது" என்றார் டாக்டர்.

தெரு தெரிந்தது, பஸ் தெரிந்தது, எதிரே வருபவர் யார் என்பதும் ஒரு மாதிரியாகத் தெரிந்தது. கிராப் காகிதத்தை எடுத்தால்தான் கட்டமெல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மஹாலட்சுமி, "ராஜகோபால் முதலாளிகிட்ட சொல்லிடுங்க" என்றாள். குமரகுருவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணு தெரியாதவங்கிட்ட எவன் கிராப் குடுப்பான்? வாயத் தொறக்காத" என்றார். அவளும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ராஜகோபாலுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. கடைக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் வைத்துத்தான் டிசைன் பேச்சு நடக்கும். இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு முதலாளிக்குக் கிராப் போடுகிறவர் அதை இன்னொரு கடைக்காரர் கண்ணில் காட்டக் கூடாது. காட்டிவிட்டார் என்று பேச்சு வந்தாலே போதும், அவருக்கு அப்புறம் ஊரில் ஒரு பென்சில்கூட யாரும் தரமாட்டார்கள். குமரகுரு இருபத்திரண்டு வருஷமும் ராஜகோபாலுக்கு மட்டுமே போட்டவர்.

கண் கெட்டபின் பதினாலு மாதம் அவர் புதிதாக எதுவுமே போடவில்லை என்பதுதான் உண்மை. பரண்மேல் இருந்த பழைய கிராப்புகளை இறக்கினார். ஒன்றின் மாங்காயை வெட்டி இன்னொன்றின் கொடியில் ஒட்டி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். ராஜகோபால் ஒருநாள், "இன்னாபா, இந்த மயிலும் போன வருஷத்து மயிலும் ஒண்ணாட்டமே இருக்குது?" என்று கேட்டார். "இப்ப பழசத்தான் கேக்குறாங்க முதலாளி" என்று சமாளித்தார் குமரகுரு. அதிலிருந்து ராஜகோபாலின் பேச்சு குறைந்துபோனது. முன்பெல்லாம் போய் உட்கார்ந்ததும் காபி வரும். அதுவும் நின்றுவிட்டது. வியாபாரம் மந்தம் போலிருக்கிறது என்று குமரகுரு தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பார்டரில் அன்னம் வேண்டும், அதுவும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற அன்னம் வேண்டும் என்றார்கள். பரணில் இருந்த அத்தனை அன்னங்களும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. குமரகுரு மூன்று வாரம் தவணை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் ஊசி போடப் போனபோது டாக்டர் அவருடைய கண்ணைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ரத்தக் குழாய்கள் வேர்வேராக ஓடின. ஒவ்வொன்றும் குமரகுருவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கெட்டுப்போன கண்ணாலேயே அந்தக் கண் கெட்டுப்போன லட்சணத்தை அவர் நன்றாகப் பார்த்தார். டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலையே மேட்டுத் தெருவில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் விக்னேஷின் கடைக்குப் போனார். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கித் துடைத்து, தேய்ந்துபோன பாகங்களை மாற்றி விற்கிற கடை அது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் யார் மேஜையில் இருந்தது என்ற நம்பர் இன்னும் ஒட்டியிருந்தது.

"இன்னாத்துக்குணா? பில்லிங்கா?" என்றான் விக்னேஷ்.

"பொண்ணு படிக்க."

"அப்ப மானிட்டரோட ஒம்போது ஆகும்ணா. சின்ன மானிட்டர்தான் இருக்குது."

"சின்னது வேணாம்பா. வூட்டு டிவில மாட்ட முடியாதா?"

"தாராளமா மாட்டலாம். ஆறரை குடுங்க, நானே வந்து மாட்டித் தரேன்."

மாட்ட வந்தவனிடம் மகள் படிப்புக்கு என்று சொன்ன பொய் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கட்டம் கட்டமாகப் படம் போடும் வசதி வேண்டும் என்று மென்று விழுங்கிக் கேட்டார். விளையாட்டுக்குப் பொம்மை வரைகிறவர்கள் வைத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை விக்னேஷ் காசில்லாமல் ஏற்றிக் கொடுத்தான். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஒரு கட்டம் தீப்பெட்டி அளவு ஆகும். திருப்பி உருட்டினால் முழு டிசைனும் தெரியும். எவனோ கணக்கு எழுதிக் களைத்துப்போன பெட்டி, வேலூர் ரோட்டுக்குப் பின்னால் ஒரு நெசவு வீட்டில் அன்னம் வரையும் பெட்டியாக மாறிவிட்டது. மஹாலட்சுமியின் சீரியல் அவள் செல்போனுக்குக் குடிபெயர்ந்தது.

முதல் வாரம் பெரும் பாடு. கை சொன்ன இடத்துக்குத் திரையில் இருந்த அம்பு போகவில்லை. மவுஸுக்கு அடியில் தறி அட்டை ஒன்றை வைத்தார். அட்டையில் இருந்த துளைக்கு மேல் போகும்போதெல்லாம் அம்பு துள்ளி ஓடியது. மஹாலட்சுமி தறியிலிருந்து எழுந்து வந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையை அங்கே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அம்பு ஒழுங்காக நடந்தது.

பத்தாவது நாள் அன்னம் வந்தது.

குமரகுரு எப்போதும் எண்ணித்தான் போடுவார். கழுத்துக்கு இத்தனை கட்டம், வயிற்றுக்கு இத்தனை, அலகுக்கு இத்தனை. இது கண்ணைவிடக் கணக்கை நம்புகிற தொழில். ஆனால் அன்றைக்கு அவர் எண்ணவில்லை. பதினாலு மாதத்துக்குப் பிறகு தான் போடுவது தன் கண்ணுக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் பார்த்துப் பார்த்தே வரைந்தார். கழுத்து வளைந்து திரும்பியது, அலகு முதுகைத் தொட்டது. இவ்வளவு அழகாகத் தன் கையில் எதுவும் வந்ததில்லை என்று தோன்றியது. மஹாலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் அச்சடித்து நேரே அட்டை போடும் பழனியிடம் கொடுத்தார். தாளைத் தானே ஒருமுறை விரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் பழைய சாம்பல்தானே தெரியும் என்ற பயம்.

"இன்னாணா, கம்ப்யூட்டர்ல எறங்கிட்டியா? கலக்குற போ" என்றான் பழனி. குமரகுரு பெருமையாகச் சிரித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் ராஜகோபால் ஆள் அனுப்பினார். ஹாலில் மாதிரிக்கு நெய்த ஒரு முழம் பார்டர் விரித்திருந்தது. குமரகுரு குனிந்து, மூக்கு படுகிற மாதிரி பார்த்தார். ஜரிகை பளபளப்பு அவருக்குத் தெரிந்தது. உருவம் பிடிபடவில்லை.

"அன்னம் கேட்டா கொக்கு குடுத்திருக்குற" என்றார் ராஜகோபால்.

குமரகுரு விரலால் தடவினார். ஜரிகையின் மேடு விரலுக்குத் தெரிந்தது. வயிறு ஒடுங்கி, கழுத்து நீண்டு, கால் குச்சியாகி நின்றது.

தப்பு டிவியில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் அனுப்புகிற படம் அகலம் குறைந்தது. டிவி அதைத் திரை நிறைய வேண்டும் என்று பக்கவாட்டில் இழுத்துக் காட்டியிருக்கிறது. இழுத்த திரையில் சரியாக இருந்த அன்னம், இழுக்காத துணியில் ஒல்லியாகிவிட்டது. ஒரே ஒருமுறை கட்டத்தை எண்ணியிருந்தால் பிடிபட்டிருக்கும். குமரகுருவுக்கு இதெல்லாம் அந்த நிமிஷம் விளங்கவில்லை. பயத்தில் வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"கம்ப்யூட்டர் பண்ண வேலைங்க முதலாளி. புதுசு. எனக்கு இன்னும் புடிபடல."

"அப்ப அத்தத் தூக்கி ஓரமா வையி. கையாலயே போடு. பார்ட்டி நாலு மணிக்கு வர்றாங்க. கழுத்து மட்டும் திருத்திக் காட்டினா போதும், நான் சமாளிச்சுக்குறேன். இங்கியே உக்காரு."

கடைப் பையன் கிராப் தாளும் சிவப்புப் பென்சிலும் கொண்டுவந்து வைத்தான். குமரகுரு உட்கார்ந்தார். தாள் வெறும் சாம்பலாக இருந்தது. மனப்பாடத்தில் போட்டுவிடலாம் என்று ஓரத்தை விரலால் தொட்டு, உத்தேசமாக ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. அடுத்தது ஒன்றின் மேலேயே விழுந்தது. ராஜகோபால் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சிவப்பு கட்டத்துக்குள் நிற்காமல் கோட்டின் மேலேயே ஏறி ஏறிப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது குமரகுருவுக்குத் தெரியும். பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியலைங்க."

ராஜகோபால் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா?"

"பதினாலு மாசம்."

"அப்ப போன தீபாவளிக்குக் குடுத்த மயிலு?"

"பழசு. வெட்டி ஒட்டுனது."

"பொங்கலுக்கு?"

"எல்லாமே பழசுதாங்க."

ராஜகோபால் மின்விசிறிக் காற்றில் படபடத்த தாளைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லதெல்லாம் வேற கடைக்குக் குடுத்துட்டு, எனக்குக் கழிசலக் குடுக்குறன்னு நெனச்சேன்பா. ஒரு வருஷமா அதத்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

குமரகுருவுக்கு அப்போதுதான் காபி நின்றுபோனது ஏன் என்று புரிந்தது. குருடன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஒளித்த மனிதர், திருடன் என்ற பெயரோடு ஒரு வருஷம் இந்த ஹாலுக்குள் வந்துபோயிருக்கிறார். இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கண் தெரியவில்லை என்றபோதே அந்த இல்லையையும் சொல்லியாகிவிட்டதே.

"கம்ப்யூட்டர்ல நெஜமாவே தெரியுதா?" என்று கேட்டார் ராஜகோபால்.

"நல்லாத் தெரியுது. இந்தத் தபா எண்ணல. எண்ணிப் போட்டா சரியா வரும்."

"எண்ணிப் போட்டுக் கொண்டா. பார்ட்டிகிட்ட நாலு நாள் கேட்டுக்குறேன்." அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "இந்த அன்னந்தான் உனக்குக் கடசி பார்டரு. ஐப்பசிலருந்து பார்டர் வேலய அய்யம்பேட்டைக்காரன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். அட்வான்ஸும் வாங்கிக்கினான். முந்தானை மட்டுந்தான் உனக்கு. மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டும் உங்கிட்டத்தான் இருந்திருக்கும்."

"சரிங்க" என்றார் குமரகுரு. பாதி வேலை போய்விட்டது.

வாசலுக்கு வந்தார். கல்யாண சீசன். வாங்க வந்தவர்களின் செருப்புகள் படியெல்லாம் இறைந்து கிடந்தன. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியில் மிஞ்சுவதைப் போட்டுக்கொண்டு வருவார். இன்றைக்கு நிற்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"என் செருப்பு எதுன்னு கொஞ்சம் பாத்து எடுத்துக் குடுப்பா. பழுப்பு கலரு, வார் தெச்சது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."