மூளைக்கு ஒரு சைட் விசிட்

எங்கள் வீட்டு மீன்தலைக் குழம்பில் மூளை காணாமல் போகத் தொடங்கியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சங்கரா வாங்கினாலும் கொடுவா வாங்கினாலும் தலை மட்டும் தாமதமாகத்தான் சட்டிக்கு வந்துசேரும். ஊக்கு, புருவம் திருத்தும் இடுக்கி, பழைய பல்துலக்கி சகிதமாக மகள் பால்கனியில் அறுவை சிகிச்சை நடத்திக்கொண்டிருப்பாள். ஜவ்வரிசி அளவில் ஏதோ ஒன்று ஊறுகாய் பாட்டிலுக்குள் சானிடைசரில் மிதக்கும். புளி கொதிக்கும், நானும் கொதிப்பேன். "இரும்மா, இப்பதான் ஆப்டிக் லோப் வருது" என்பாள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அறிவித்துவிட்டாள். நீட் இல்லை, இன்ஜினியரிங் இல்லை. நியூரோசயின்ஸ். மூளையைப் படிக்கப் போகிறாளாம்.

முடிச்சூரில் எங்கள் குடும்பம் அதுவரை மூளையைத் தனியாகக் கவனித்ததில்லை. நெல் நட்டார்கள், பிறகு நெல் நட்ட இடத்தில் கல் நட்டார்கள். கல் நட்டவன் என் தம்பி. இப்போது கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை விற்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை வேனில் ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் மனையைக் காட்டி, பிரியாணி போட்டுத் திருப்பி அனுப்புவான். அதற்குப் பெயர் சைட் விசிட். தாய்மாமன் என்ற உரிமையில், கல்லூரி தேடும் படலத்தையும் அதே வேனோடு அவன் கையில் எடுத்துக்கொண்டான்.

ஆளுக்கொரு நிபந்தனை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சீசன் டிக்கெட்டில் போய்வர வேண்டும், கட்டணம் ஒரு சம்பளக்காரர் வீடு தாங்குகிற அளவில் இருக்க வேண்டும் என்பது என்னுடையது. முதல் வருடமே நிஜ மூளையைத் தொட வேண்டும் என்பது மகளுடையது. பட்டத்தின் பெயரிலேயே நியூரோ இருந்தாக வேண்டும் என்பது தம்பியுடையது.

"இன்னாக்கா நீ, நாளைக்குப் பத்திரிகை அடிக்கிறப்போ பேருக்குப் பக்கத்துல வெறும் பிஎஸ்சின்னா போடுவ? மாப்ள வூட்ல இன்னா நெனைப்பாங்க?"

"மாமா, நான் காலேஜுக்குப் போறேன். மாப்ள வீட்டுக்கு இல்ல."

"படிச்சு முடிச்சிட்டுப் போவல்ல?"

"போறப்போ உங்க மூளையத்தான் சீர்வரிசையா எடுத்துட்டுப் போவேன். யூஸ் பண்ணாததுதான் ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

முதலில் போனது நகரத்துக்குள் இருக்கும் அரசு உதவிபெறும் பழைய கல்லூரி. வேனைவிட்டு இறங்கிய தம்பி கோபுரம் போன்ற அதன் முகப்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சுவரின் அடியைப் பார்த்தான். வெள்ளத்தில் மூழ்கிய ஊர்க்காரர்களான நாங்கள் எந்தப் புது இடத்துக்குப் போனாலும் சுவரில் வெள்ளத்தின் கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம்.

"அண்ணா, மழைல இங்க தண்ணி நின்னுச்சா?" என்று வாட்ச்மேனைக் கேட்டான்.

"படி வரைக்கும் வந்துச்சு சார். மேல ஏறல."

"அப்ப தேவலாம்."

அதோடு விட்டானா? விலங்கியல் துறைப் பேராசிரியையின் அறையில் உட்கார்ந்ததும், "எதுனா வில்லங்கம் இருக்கா மேடம்?" என்றான். நான் சன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தை மிகத் தீவிரமாக ரசிக்கத் தொடங்கினேன்.

பேராசிரியை அவனை விட்டுவிட்டு மகளிடம் பேசினார். "நியூரோசயின்ஸ்னு இங்க டிகிரி கிடையாதும்மா. விலங்கியல்தான். நரம்பு மண்டலம் அதுல ஒரு பகுதி. மூளை மட்டும்தான் வேணும்னா அப்புறம் என்ட்ரன்ஸ் எழுதி வெளிய போகணும்."

"மூளையத் தொட்டுப் பாக்கலாமா மேடம்?"

"கறிக்கடையிலேர்ந்து ஆட்டு மூளை வாங்கிட்டு வருவோம். நீங்கதான் வெட்டணும். சில பேருக்குத் தலை சுத்தும்."

பந்தியில் கடைசி இலை கிடைத்தவள் முகம்போல் மகள் முகம் மலர்ந்தது. கட்டணத்தைக் கேட்டபோது என் முகமும்தான். அறிவிப்புப் பலகையில், விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமையே கடைசி என்றிருந்தது. வெளியே வந்த தம்பி மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "பேரே இல்லியேக்கா. விலங்கியல்னா ஜனங்க மாட்டு டாக்டர்னு சொல்லும்."

மறுநாள் ஜிஎஸ்டி ரோட்டோரம், கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு தனியார் நிறுவனம். குளிர்ந்த காற்று, சாத்துக்குடி ஜூஸ், சுவர் முழுக்க நீல வெளிச்சத்தில் மிதக்கும் மனித மூளை. பட்டத்தின் பெயர் நியூரோசயின்ஸேதான். அவர்கள் கொடுத்த கையேட்டில் இருந்த அந்த எழுத்துகளை மகள் விரலால் தடவினாள். கட்டணத்தைச் சொன்னார்கள். நான் தண்ணீர் கேட்டேன்.

தம்பி என் காதருகே குனிந்தான். "ரெண்டு மனை முடிஞ்சா கட்டிடலாம். நான் கீறேன் இல்ல? பேர் கொய்ந்தைக்குப் புடிச்சிருக்குக்கா."

பிடித்துத்தான் இருந்தது. எனக்கு அதுதான் பயம்.

"லேப் எங்க?" என்று மகள் கேட்டாள்.

எதிரே இருந்த பெண் வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் சார் நியூரோ பிளாக். வரப்போகுது. பக்கத்துலயே ஆஸ்பத்திரி வரப்போகுது. வாசல்லயே மெட்ரோவும் வரப்போகுது."

தம்பி நாற்காலியில் நெளிந்தான். அந்த இழுவை, அந்தப் புன்னகை, மெட்ரோவைக் கடைசிக்கு வைத்த அந்த வரிசை எல்லாமே அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வசனம். "பின்னாடி போய்ப் பாக்கலாமா?" என்று எழுந்தேவிட்டான்.

பின்னால் கல் நட்டுக் கொடி கட்டியிருந்தது. கொடி வெளுத்துக் கந்தலாகியிருந்தது. கல்லைச் சுற்றி எருக்கு முழங்கால் உயரம். தம்பி குந்தி உட்கார்ந்து கல்லை அசைத்துப் பார்த்தான், பிணத்துக்கு நாடி பார்ப்பதுபோல.

"மாமா, நீங்க வரப்போகுதுன்னு சொன்னா எப்ப வரும்?" என்றாள் மகள்.

அவன் என்னைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "அது… வாங்கறவங்களுக்காகச் சொல்றது பாப்பா."

"வருமா, வராதா?"

"நான் வித்த எடத்துல இதுவரைக்கும் எதுவும் வந்ததில்ல. போதுமா? வண்டில ஏறு."

வண்டலூர் தாண்டியதும் மகள் கையேட்டை மடித்து விசிறிக்கொண்டே சொன்னாள்: "ஆட்டு மூளையே போதும்மா."

வெள்ளிக்கிழமை மூவரும் மின்சார ரயிலிலேயே போனோம். விண்ணப்பம் போட்டோம். அடுத்த வாரம் பட்டியலில் அவள் பெயர் வந்தது. மறுபடி ரயில், வரிசை, கையெழுத்து, முடிந்தது. திரும்பும்போது, மூன்று வருடம் கழித்து எந்தத் தேர்வு, எந்த ஊர் என்று அவளைக் கேட்டேன். "தெரியலம்மா" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.

அந்த நேரம் பார்த்துத் தம்பிக்குச் சொந்தக்காரப் படப்பை மாமியிடமிருந்து போன். பெண் என்ன சேர்ந்திருக்கிறாள் என்று விசாரணை.

"விலங்கியல் மாமி. இல்ல, மாடு இல்ல. மாடும் உண்டு, ஆனா மாட்டுக்கு உள்ள கீற மூள… இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். ஒடம்புல நரம்புன்னு ஒண்ணு கீது இல்ல…"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பல்லாவரம் வந்தும் அவன் முதுகுத்தண்டைத் தாண்டவில்லை.