சேமிப்பு யார் பேரில்?

என் கணவர் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனி சிறியது. கண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கொட்டகை. அங்கே தேயிலையைப் பெட்டிகளில் அடைத்துக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த நேரத்தில் கம்பெனி முதலாளியான வெள்ளைக்காரத் துரை, ஆட்களின் முதுமைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றதை எங்களால் நம்பவே முடியவில்லை.

இரண்டு வழிகள் சொன்னாராம். மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, கம்பெனியும் அதே அளவு போட்டுச் சேர்த்து வைப்பது ஒன்று. எதையும் பிடிக்காமல், கடைசிவரை வேலையில் இருப்பவருக்கு மட்டும் ஒரு தொகை கொடுப்பது மற்றொன்று. ஆட்களுக்கு எது வேண்டுமென்று கேட்டுச் சொல்லும் வேலை கிளார்க்கான இவர் தலையில் விழுந்தது.

"கான்வென்ட்ல படிச்சவதானே, நீயே சொல்லேன்" என்றார்.

பணம் பிடித்தால் குழந்தையின் பாலில்தான் குறையும். பிடிக்காவிட்டால், இடையில் இவருக்கு ஏதாவது ஆனால் ஒன்றுமே கிடைக்காது. அந்த மழைக்காலம் முழுவதும் இவர் இருமிக்கொண்டே இருந்தார். பிடிப்பதே நல்லது என்றேன். சொன்ன பிறகு, தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் விளக்கிச் சொன்னதும், சம்பளத்தில் பிடித்தே சேர்க்கட்டும் என்றார்கள்.

"சரி கிளாக்கரையா, நடுவுல நான் செத்துட்டா?" என்று கேட்டார் பெட்டி அடிக்கும் ஆசாரி.

"யார் பேரைக் குடுக்கிறீங்களோ அவங்களுக்குப் போகும்."

"அப்ப எங்க அண்ணன் பேரைப் போடுங்க. ஊர்ல இருக்காரு."

மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்குச் சித்தப்பா, எல்லாரும் இந்தியாவில்.

"பொஞ்சாதி பேரைச் சொல்ல ஒருத்தனும் இல்லியாய்யா?" என்றார் ஒருவர்.

"அவ பேர்ல எழுதினா நாளைக்கே சோத்துல எதையாவது கலந்துருவா!"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். தேநீர்த் தட்டோடு வந்த நான் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை.

"பணம் ஊருக்குப் போயிரும். உங்க பிள்ளைங்க இங்க பக்கத்துல கெலிஓயாவுலதானே இருக்கும், ஆசாரி?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதாங்கம்மா."

இவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் உள்ளே போய்விட்டேன். பலர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனா? ஆட்கள் போன பிறகுதான் கேட்டேன். "நீங்க யார் பேரைக் குடுக்கப் போறீங்க?"

"அண்ணனைத்தான். என்னைப் படிக்க வச்சவரு. உன்னை விட்டுருவாரா?"

விடமாட்டார். கம்பளையில் கடை வைத்திருந்த அந்த அண்ணன், என் மூத்தார், எங்களுக்கு நல்லதைத் தவிர வேறு செய்ததில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பின் அந்த வீட்டில் தங்கியிருந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டும் சவர்க்காரக் கட்டி இத்தனை சீக்கிரம் எப்படிக் கரைந்தது என்று மூத்தாரின் மனைவி கேட்டது எனக்கு மறக்கவில்லை.

"ஆசாரிக்கு ஒண்ணு சொல்லிட்டு, நம்ம வீட்டுல வேற மாதிரி செய்யலாமாங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்தார்.

சில நாள் கழித்து அவரே சொன்னார். "பிள்ளை பேர்லயே குடுத்துட்டேன். சந்தோஷமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. குழந்தையைத் தூக்கி முகத்தோடு அணைத்துக்கொண்டேன்.

"பெரியவனாகிற வரைக்கும் யாராவது பொறுப்பா இருக்கணுமாம். அண்ணன் பேரைச் சொல்லியிருக்கேன்."

என் பேரைச் சொல்லக் கூடாதென்று துரை சொன்னாரா, இவருக்குத்தான் தோன்றவில்லையா? கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயத்தில் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆசாரியின் மனைவி கெலிஓயாவிலிருந்து பலாக்காயோடு வந்தார். "எம் பேரைப் போட்டுட்டாரு தங்கச்சி! நீங்க கேட்ட ஒரு கேள்விதான். இங்கயும் உங்க பேருதானே?"

"பிள்ளை பேர்ல."

"அது இன்னும் நல்லதாச்சே!" என்றார்.

ஆமாம் என்று சொல்லி, அவருக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.