நான்காவது சக்கரம்

என் கணவர் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் மெக்கானிக். போன முறை விடுப்பில் வந்தபோது, பாளையங்கோட்டையில் யாரோ வீட்டுக் கொல்லையில் நின்ற பழைய அம்பாசிடரை வாங்கி, லாரியில் ஏற்றித் தச்சநல்லூருக்குக் கொண்டுவந்துவிட்டார். எஞ்சினைச் சரி செய்து முடித்தபோது விடுப்பும் முடிந்துவிட்டது. "பிரேக்க அடுத்த லீவுல பாத்துக்கிடலாம்" என்று தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார்.

ஒன்றரை வருடம் அது வாசலில் நின்றது. மருந்துக் கடை வேலைக்கு நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவேன், வருவேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தார்ப்பாயை விலக்கி உள்ளே உட்கார்ந்தேன். அவர் வாடை ஏதாவது மிச்சமிருக்கும் என்று நினைத்தேன். ரெக்சின் வாடைதான் அடித்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய் அங்கேயே கிடந்தது.

வெள்ளி அவருக்கு விடுமுறை. வீடியோவில் கூப்பிட்டேன்.

"பிரேக்க நானே கழட்டுதேன். நீங்க சொல்லிக் குடுங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "முதல்ல மத்த சக்கரத்துக்குக் கல்லு குடு. பெறவு ஜாக்கி வை" என்றார்.

உண்மையைச் சொன்னால் பிரேக் எனக்குப் பெரிதில்லை. எங்கள் பேச்சு சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்பதோடு நின்றுபோயிருந்தது. அதற்குமேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் கிடைக்காது. அன்று இரண்டு மணி நேரம் பேசினோம்.

சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் டிரம்மைக் கழற்றினால் உள்ளே விரல் நீளத்தில் ஓர் இரும்புச் சிலிண்டர். மிதிக்கும்போது எண்ணெய் வந்து அதற்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தள்ளினால் சக்கரம் நிற்கும். எங்கள் வண்டியில் பிஸ்டன் துருவேறி அசையவே இல்லை. "அடிக்காத. பைய திருகு, வரும்" என்றார். அடுத்த வெள்ளிதான் அது கழன்று வந்தது. ரப்பர் வளையம் பிசுபிசுவென்று கையோடு ஒட்டியது. பெட்ரோலில் கழுவப் போனேன், பதறிவிட்டார். "ரப்பர் உப்பிரும்ளா. பிரேக் ஆயில்லயே கழுவு."

சிலிண்டரின் உள்சுவரை நனைத்த உப்புத்தாளால் பட்டும்படாமல் தேய்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டச் சொல்வார். கோடு தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். ஒருநாள் சிலிண்டரைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வளையலக் கழட்டி வச்சுட்டியா?" என்றார். கறுத்துப்போகும் என்றேன்.

இப்படி மூன்று சக்கரங்கள் முடிந்தன. நான்காவதைத் தொடப்போன அன்று அவர் பேச்சு குறைந்தது. என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நான் வந்து செய்யணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், அதான்."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். "இது உங்களுக்கு. நீங்க வந்து பாருங்க" என்றேன். சக்கரத்தைக் கழற்றாமல் அப்படியே தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

நோன்புப் பெருநாளுக்கு வருவதாக இருந்தது. பட்டறையில் ஆள் இல்லை, விடமாட்டோம் என்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அதே பதில். அதன்பிறகு ஒரு வெள்ளி, நான் ஒன்றும் கேட்காமலே அவர் சொன்னார்: "அந்த நாலாவதையும் முடிச்சிரு. உம்மாவ ஏரலுக்குக் கூட்டிட்டுப் போ. பெரியம்மாவப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

"நீங்க வந்த பெறவு போவோம்."

"வேண்டாம். முடிச்சிரு."

முடித்தேன். அழுதுகொண்டே முடித்தேன் என்று சொன்னால் பொய். வேலை செய்யும்போது அழ முடியாது. கண்ணில் எண்ணெய் பட்டுவிடும்.

பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் இருக்கும் சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். அவருடைய உம்மாவை, என் மாமியைத்தான் கூப்பிட்டேன். பிஸ்மி சொல்லி ஏறி, டிரைவர் சீட்டில் நுனியில் உட்கார்ந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த சலைன் குழாயைத் திருகில் மாட்டி, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டேன். மாமி பக்கத்தில் வைத்த ஃபோனிலிருந்து மகன் சொல்லிக்கொண்டிருந்தார்: "மிதிங்க உம்மா. விடாதீங்க. அப்படியே பிடிங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தாம்ல இருக்கேன். நீ எப்பம் வாரே, அதச் சொல்லு."

போத்தலில் குமிழிகள் வந்து நின்றன. "இன்னொரு தடவ மிதிங்க உம்மா" என்றார் அவர்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் படித்ததை நம்பி, மறுவாரம் மாமியை ஏற்றிக்கொண்டு ஏரலுக்கு ஓட்டினேன். ஆற்றுப் பாலத்துக்கு முன் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டு அவரை வீடியோவில் கூப்பிட்டேன். பட்டறையில் சாப்பாட்டு நேரம்.

"பெடல் எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு."

"ஒருபக்கமா இழுக்குதா?"

"இல்ல. நேரா நிக்குது."

"ஆத்தக் காட்டு" என்றார். ஃபோனைத் திருப்பிப் பிடித்தேன். தண்ணீர் மணல் திட்டுகளுக்கு நடுவே மெல்லப் போய்க்கொண்டிருந்தது. போதுமா என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் அங்கனயே வச்சிரு" என்றார். கை வலிக்கும்வரை வைத்திருந்தேன்.