ஒரு தலையாட்டலும் இரண்டு கியூபாப் பாடகிகளும்

1. பாலத்தடியில்

வான் ஓடும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். இந்தத் தொழிலில் பயப்பட வேண்டிய விசயங்கள் றோட்டில் இல்லை, பின் சீற்றில்தான் இருக்கின்றன. நான் றோட்டுக்கும் பயப்படுகிறவன் என்பது வேறு கதை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதை ஒரு பாடமாக வைத்திருந்தால் பல்கலைக்கழகம் வரை போயிருப்பேன்.

அன்று நயாகராவில், ரெயின்போ பிரிட்ஜின் கனடாக் கரையில் வானை நிறுத்திவிட்டு நின்றேன். பாலத்தின் மறு கரை அமெரிக்கா. அங்கேயிருந்து யமிலே என்ற கியூபாப் பாடகி நடந்து வர வேண்டும். அதைப் படம் பிடிக்க அபி கமெராக் குழுவோடு நின்றாள். அபி எங்கட பிள்ளை. ஸ்காபரோவில் பிறந்தவள், ஸ்பானிஷ் படித்தவள். எல்லைகள் தாண்டிப் பாடுகிற கறுப்பினக் கியூபாப் பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு வானும் சாரதியும் நான்.

"அங்கிள், ரிலாக்ஸ். பேப்பர்ஸ் எல்லாம் ஓகே."

"ஓகே எண்டு உந்த ஒஃபிசர்மார் எல்லோ சொல்லோணும். திருப்பி விட்டினமெண்டால்?"

"அதையும் ஷூட் பண்ணுவன்."

2. அக்கா சொன்னது

யமிலேயின் அக்கா கரிடாட். இருவரும் ஹவானாவில் நாலு பெண்கள் சேர்ந்த ஒரு குழுவில் பாடியவர்கள். வாத்தியம் கிடையாது. இரண்டு மரத்துண்டு, கைத்தட்டு, குரல், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட அவர்களின் முன்னோர் விட்டுப்போன பாட்டுகள். அக்கா ஓர் அடி எடுத்துக் கூப்பிடுவார், தங்கை மறுமொழி பாடுவார்.

ஒருமுறை வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போன இடத்தில், அக்காவிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் தங்கை அமெரிக்காவின் மயாமிக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்த மறுமொழியை வேறு எவரையும் பாட அக்கா விடவில்லை. அந்த இடம் வந்தால் கைத்தட்டு மட்டும் கேட்கும்.

அக்காவுக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. தங்கை கியூபாவுக்குத் திரும்பிப் போகப் பயந்தார். இரண்டு பேரும் வந்து சேரக்கூடிய ஊராக ரொறன்ரோ அமைந்தது. பார்க்டேலில் ஒரு ஹோல், ஒரு கச்சேரி. படத்தின் முடிவே அதுதான் என்று அபி நம்பியிருந்தாள்.

நயாகராவுக்குப் போவதற்கு முதல் நாள், கரிடாட்டை விமான நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தபோது அவர் கையை வீசிப் பெரிதாகச் சத்தம் போட்டார். நான் ஏதோ பிழையான எக்ஸிற் எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"உங்களை இல்லை அங்கிள்," என்றாள் அபி. "தங்கச்சி வரலாமாம், மேடையில நிக்கலாமாம். தன்னோட சேந்து பாடக் கூடாதாம்."

"ஏனாம்?"

"சொல்லாமப் போனவளாம்."

எனக்கு அது விளங்கியது. நாங்கள் பால் வாங்கப் போனாலும், போய்த் திரும்பி வருவேன் என்ற கருத்தில் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தானே படியிறங்குவோம்.

3. நோ, நோ

ஒஃபிசர்மார் யமிலேயைத் திருப்பி விடவில்லை. சிவப்புச் சூட்கேசை உருட்டிக்கொண்டு, அருவித் தூறலில் தலைமயிர் நனைந்தபடி வந்து சேர்ந்தார். அபியும் கமெராக் குழுவும் தங்கள் காரில் முன்னே போக, வானில் நானும் யமிலேயும் மட்டும்.

ஹமில்ரன் தாண்டும்போது ஆங்கிலத்தில் கேட்டார்: "என் அக்கா இன்னும் கோபமாக இருக்கிறாவா?"

ஓம், நல்ல கோபம். ஆனால் எல்லை தாண்டி வந்த மனுசியிடம் அதை எப்படிச் சொல்வது? நான் எங்கட வழக்கப்படி தலையை இரண்டு தோளுக்கும் சரித்து ஆட்டினேன். ஓம், கோபம்தான், என்ன செய்யிறது, பாப்பம் என்றெல்லாம் அதற்கு அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கியூபாவில் தெரியாது.

"நோ?" என்றார், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

நான் பதறிப்போய் இன்னும் வேகமாக ஆட்டினேன்.

"ரியலி? நோ?"

"நோ, நோ, ஐ மீன்..."

அதோடு முடிந்தது. யமிலே கை தட்டினார், கண்ணைத் துடைத்தார், பிறகு ஒரு மெட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். அது எந்த மெட்டு என்று நான் கேட்கவில்லை. றோட்டை மட்டும் பார்த்து ஓடினேன்.

4. வாயும் தலையும்

வழியில் இரண்டு வண்டியும் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் அபியை ஒதுக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அங்கிள்! வாட் டிட் யூ டூ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. தலைதான் சொன்னது. இப்ப போய்த் திருத்திச் சொல்லட்டே?"

அபி வானைப் பார்த்தாள். உள்ளே யமிலே சிரித்தபடி உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம். இனி வாயைத் திறக்காதேங்கோ. தலையையும் ஆட்டாதேங்கோ."

ஹோலுக்குப் போகும்வரை தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன். உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கரிடாட் ஓர் அடி எடுத்துக் கூப்பிட்டார். மறுமொழி இடத்தில் கைத்தட்டு. மறுபடி கூப்பிட்டார். இந்த முறை வாசலிலிருந்து மறுமொழி வந்தது. வானில் நான் கேட்ட அதே மெட்டு. கடைக்குப் போய் வந்தவர் போல, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சிரித்தபடி யமிலே உள்ளே போனார்.

தங்கை அழுதுகொண்டு வந்திருந்தால் ஏசுவதற்கு அக்கா தயாராக இருந்திருப்பார். சிரித்துக்கொண்டு வருகிறவளுக்கு என்று அவர் ஒன்றும் வைத்திருக்கவில்லை. மரத்துண்டு கையிலேயே நின்றது. பிறகு இறங்கி வந்து தோளைப் பிடித்து உலுக்கி, நீளமாகப் பேசினார்.

"என்னவாம்?" என்றேன் அபியிடம்.

"முதல் முழுக்க ஏச்சு. இப்ப, ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய் எண்டு கேக்கிறா."

அப்பாடா. எனக்கு அப்போதுதான் பசித்தது. அவர்கள் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுமொழி இடத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.

5. விமான நிலையத்தில்

கச்சேரி முடிந்து யமிலே மயாமிக்குத் திரும்பிவிட்டார். அபியையும் கூட்டிக்கொண்டு போய்க் கரிடாட்டை விமான நிலையத்தில் இறக்கினேன். சூட்கேசை எடுத்துக் கொடுக்கும்போது இடுப்பில் கை வைத்து என்னிடம் ஏதோ கேட்டார்.

"தனக்குக் கோபமில்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறா," என்றாள் அபி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? கரிடாட் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மெதுவாக இன்னொன்று கேட்டார்.

"தாங்கள் ரெண்டு பேரும் இனியும் ஒண்டாப் பாடக் கிடைக்குமோ எண்டு."

தம்பிமார், பின் சீற்றுக்காரரின் வீட்டு விசயத்தில் அவசரப்பட்டு வாய் திறக்காதேங்கோ. அந்தப் பயணத்தில் நான் படித்தது இதுதான். விசாவுக்கும் இரண்டு அரசாங்கங்களுக்கும் நான் என்ன பதில் சொல்ல? தலையை இரண்டு தோளுக்கும் சரித்து மெல்ல ஆட்டினேன்.

இந்த முறை "நோ?" என்று கேட்கவில்லை. என்னைப் போலவே தானும் தலையை ஆட்டிவிட்டு, அபி வானில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்த இரண்டு சொல்லையும் சொன்னார்.

"போட்டு வாறன்."