பின்வரிசை மூன்று பீப்பாய்கள்

ஒடீல் ஜிரார்தேயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான். கைராசிக்காரி, அவள் கைபட்ட ஒயின் பீப்பாய் கெட்டதே இல்லை என்பார்கள். பிரான்சின் ஜூரா மலையடிவாரத்தில் இதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

நான்கு தலைமுறையாக நடக்கும் திராட்சைத் தோட்டம் அது. பூச்சி தின்று மொட்டையாக்கிய சரிவில் கொள்ளுத்தாத்தா மறுபடி கொடி நட்டார். தாத்தா போரிலிருந்து ஒற்றைக் கையோடு திரும்பி, அந்தக் கையாலேயே முப்பது வருஷம் கவாத்து செய்தார். அப்பா ஃபெரேயோல் நிலவறையைப் பெரிதாக்கிப் பின்சுவரோரம் மஞ்சள் ஒயினுக்கென்று மூன்று பீப்பாய்கள் வைத்தார்.

மற்ற பீப்பாய்களில் ஒயின் குறையக் குறைய, சனிக்கிழமை தோறும் ஊற்றி நிரப்பியாக வேண்டும். மஞ்சள் ஒயின் சங்கதியே வேறு. ஆறு வருஷம் மூன்று மாதம் அதைத் தொடவே கூடாது. உள்ளே பாலில் படிவதுபோல ஓர் ஆடை படியும், ஒயினைக் காப்பதே அதுதான். மேலே ஒரு செம்பு ஊற்றினாலும் ஆடை கிழிந்துவிடும். அங்கே பேச ஆரம்பித்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒடீலுக்கு இருபத்தொரு வயது, தம்பி ஆர்மெலுக்குப் பத்தொன்பது. ஒரு சனிக்கிழமை அக்காள், மறு சனிக்கிழமை தம்பி என்று முறைவைத்து நிரப்புவார்கள். அந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரில் நடனம். ஒடீல் புதுச் செருப்பு வேறு வாங்கியிருந்தாள். மனசெல்லாம் அங்கே இருக்க, கை மட்டும் பீப்பாய் பீப்பாயாக ஊற்றிக்கொண்டே போயிற்று. நின்ற இடம் பின்சுவர். மூன்றாவது பீப்பாயில் பாதி ஊற்றிய பிறகுதான் உறைத்தது. சிந்தியதைத் துடைத்தாள், அடைப்பை அடித்து மூடினாள், நடனத்துக்கும் போனாள்.

டிசம்பரில் சுவை பார்க்க வந்தவர் முகத்தைச் சுளித்தார். மூன்றும் புளித்துப் போயிருந்தன. ஐந்து வருஷக் காத்திருப்பு. எந்தச் சனிக்கிழமை, யார் முறையில் நடந்தது என்று தெரியவில்லை. அப்பா கத்தவில்லை.

"யாரு ஊத்துனது?"

"நான் இல்ல" என்றாள் ஒடீல். அந்த இரண்டே சொல்தான். அவள் சொன்ன பொய் அவ்வளவுதான்.

சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்க்கிறவன் ஆர்மெல். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தான். "அப்ப நானாத்தான் இருக்கணும்பா. ஞாபகமே இல்ல."

நிலவறைச் சாவி ஒடீலுக்கு வந்தது. ஆர்மெல் மலைமேல் மூக்குக்கண்ணாடி செய்யும் தொழிற்சாலைக்குப் போனான். ஒவ்வொரு திருகாணியையும் மூன்று தடவை சரிபார்க்கிறான் என்று அங்கே நல்ல பெயர் வாங்கினான். பண்டிகைக்கு வந்தால் நிலவறைக்குள் இறங்க மாட்டான். வாசலோடு நிற்பான், இரண்டு கையும் பையில் இருக்கும். சாப்பாட்டு மேசையில் அவன் கையில் கொடுக்காமல் அவனைத் தாண்டித்தான் பாட்டில் போகும். குடும்பத்துக்கே அது ஒரு வேடிக்கை. ஒடீலும் கூடச் சிரித்தாள். அப்பா சாகும்வரை சிரித்தாள்.

இந்தப் பிப்ரவரியில் மஞ்சள் ஒயின் திருவிழாவுக்கு ஊரே சேர்ந்து அவள் பீப்பாயைத் தேர்ந்தெடுத்தது. ஊர் முன்னால் அவள் பெயர் சொல்லித் திறப்பார்கள். அதற்கு முன் தம்பியிடம் சொல்லாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில், வழக்கம்போல நிலவறை வாசலில் நின்றவனிடம் போனாள்.

"ஆர்மெல், அந்த மூணு பீப்பாய்ல ஊத்துனது நான்தான்டா."

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எப்ப தெரிஞ்சது உனக்கு?"

"ஊத்தும்போதே."

அவன் படியில் உட்கார்ந்தான். "நாப்பது வருஷமாக் கேஸ் அடுப்ப மூணு வாட்டி பாக்குறேன்க்கா. மறதிக்காரன்னு நானே நம்பிட்டேன். பொண்ணு பொறந்தப்ப தூக்கிட்டு நடக்க மாட்டேன். உக்காந்த இடத்துல மடியில குடுத்தாத்தான் வாங்குவேன், எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துருவேனோன்னு."

ஒடீலும் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வீட்டையும் தோட்டத்தையும் மட்டும்தான் அவனிடமிருந்து பறித்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்லடா."

அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான்.

மதியம் மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். சேவல் கறி வந்தது, கூடவே அவளுடைய பழைய மஞ்சள் ஒயினில் ஒரு பாட்டில். ஒடீலின் மகன் லொரான் வழக்கமான பாட்டைத் தொடங்கினான். "மாமா கையில மட்டும் குடுத்துறாதீங்க. அதுலயும் ஊத்தி நெரப்பிருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கூடவே சிரிக்கும் ஆர்மெல் இன்றைக்குச் சிரிக்கவில்லை. அக்காளைப் பார்த்தான்.

ஒடீல் எழுந்து நின்றாள். "அந்தப் பீப்பாய்களக் கெடுத்தது நான். தெரிஞ்சே அவன்மேல விட்டேன். உங்க தாத்தா அவன்தான்னு நம்பியே செத்தாரு."

லொரான் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பாட்டிலை மெல்ல மாமன் பக்கம் நகர்த்தினான்.

ஆர்மெல் எழுந்து வரிசையாக ஊற்றினான். மேசைத்துணியில் நாலு சொட்டு சிந்தியது. எல்லோருக்கும் ஊற்றிக் கடைசியில் ஒடீலிடம் வந்தான். அவளது வெறும் கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஊற்றாமல் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. ஒடீல் அதைத் தொடவில்லை.