மேனிஃபோல்டைச் சுண்ணாம்பில் போட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள்: மெக்கானிக் பாய், என் மனைவியின் தம்பி, நான், இரண்டு முறை டீ கொண்டுவந்த டீக்கடைப் பெரியவர், பக்கத்துப் பஞ்சர் கடை ஆடு. இதை முதலிலேயே எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு விசாரித்தபோது ஆளாளுக்கு 'நான் அங்கே இல்லவே இல்லை', 'நான் எதையும் பார்க்கவே இல்லை' என்றார்கள். மறுக்காதது ஆடு ஒன்றுதான்.

ஆம்பூர் போகும் நெடுஞ்சாலை நாலு வழியாகியிருந்த சமயம் அது. கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் எடுத்திருந்தேன். காமன் ரெயில் இன்ஜின். அப்போதெல்லாம் அந்த வார்த்தையை ஏதோ பட்டம் வாங்கினவன் பேரைச் சொல்வது போலச் சொல்வார்கள். ஒரு ஷூ கம்பெனியில் இத்தாலிக்கார டெக்னீஷியன் ஒருவர் வந்திருந்தார். வேலூர் லாட்ஜிலிருந்து அவரைத் தினமும் ஆம்பூருக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவிடுவதற்கு மாத வாடகை பேசியிருந்தார்கள். அந்த வாடகையில்தான் காரின் தவணை போய்க்கொண்டிருந்தது. வாடகை நின்றால் கார் போகும். கார் போனால் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு யார் கலெக்டர் வேலை கொடுக்கப்போகிறார்கள்?

கார் புகை விட ஆரம்பித்தது. மேடு ஏறினால் பின்னால் வருகிற வண்டி தெரியாது. ஆம்பூரின் தோல் நாற்றத்துக்கு ஒரு நாளும் மூக்கைப் பொத்தாத இத்தாலிக்காரர் என் காருக்குள் கைக்குட்டையை எடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் என்னைக் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை காலைல இதே புகையோட வந்தீன்னா அப்படியே திரும்பிப் போயிடு. வேற வண்டி பாத்து வெச்சிட்டேன்."

ராத்திரி தூங்கவில்லை. தூங்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகாமல் காரை ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆலையில் லீவு என்று மச்சானும் தொற்றிக்கொண்டான். பாய் பேனட்டைத் திறந்து, குழாய்களைக் கழற்றி, காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். நாலு விரல் போகவேண்டிய ஓட்டையில் ஒரு விரல்தான் போனது. உள்ளே சுற்றிலும் தாரும் கரியும் சேர்ந்து பிசைந்தாற்போல் அப்பியிருந்தது.

"இன்னா பிரதர், வண்டி ஓட்டுனியா, தாலாட்டுனியா?" என்றார் பாய்.

"பத்திரமாத்தான் பாய் ஓட்டறேன். நாப்பதுக்கு மேல போனதே இல்ல."

"அஞ்சாவது கியர்லயா?"

"டீசல் மிச்சமாவும்னு சொன்னாங்க."

"நிக்கும்போது ஆஃப் பண்ணுவியா?"

அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் லாட்ஜ் வாசலில் அரைமணி நேரம் ஓடவிட்டேதான் வைத்திருப்பேன். நாற்பதைத் தாண்டினால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். டயர் வெடிக்கலாம், லாரிக்காரன் தூங்கலாம், சென்டர் மீடியன் செடியிலிருந்து மாடு வரலாம். ஆட்டுத்தோல் கட்டிய மொபெட்டுகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகும். நான் வழிவிட்டுக் கொடுப்பேன்.

பாய் கைத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்.

"பழைய பெட்ரோல் வண்டில பெட்ரோலு காத்தோட கலந்து இந்த வழியாத்தான் போவும். போற வழியைக் கழுவிக்கினே போவும். இதுல அப்படி இல்ல. டீசலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுது. வழியைக் கழுவ ஆளே கிடையாது. அதுக்கு மேல, விட்ட புகைல கொஞ்சத்தை வால்வு வெச்சித் திரும்ப உள்ள இழுக்குது. அந்தப் புகை, ஆயில் ஆவி, ரெண்டும் சேந்து இங்க ஒட்டிக்குது. காத்து பத்தாம டீசலு சரியா எரியல, அதான் புகை. இன்ஜின் சூடா, வேகமா ஓடுனா கம்மியா ஒட்டும். நீ மெதுவா ஓட்டி ஓட்டி ஜாஸ்தி பண்ணிட்டே."

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜாக்கிரதையாக இருந்து ஒரு பொருளைக் கெடுத்திருக்கிறாய் என்று என்னைப் பார்த்து ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மனதுக்குள் நினைத்துக்கொண்டதோடு சரி.

"இப்ப இன்னா பண்றது பாய்?"

"டீசல்ல ஒரு ராத்திரி ஊறணும். நாளைக்குச் சுரண்டி, பிரஷ் போட்டு, கழுவி, காய வெச்சி, புது கேஸ்கெட் போடணும். செவ்வாக்கிழமை எடுத்துக்கோ."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி வேணுமே பாய்."

"அப்ப புகையோட போ."

இந்த இடத்தில்தான் மச்சான் வாயைத் திறந்தான். அவன் ஒரு தோல் ஆலையில், பச்சைத் தோலிலிருந்து முடியை எடுக்கிற சுண்ணாம்பு யார்டில் வேலை செய்தான்.

"மாமா, எருமைத் தோலு முடியே சுண்ணாம்பும் சல்பைடும் போட்டா கொழகொழன்னு வந்துடுது. இது இன்னா, வெறும் கரி. ரெண்டு மணி நேரம் போதும்."

"அது அலுமினியம்பா" என்றார் பாய். மணியைப் பார்த்தார். "நான் தொழுதுட்டு, சாப்ட்டு வர்றேன். அதுவரைக்கும் எதுலயும் கைய வெக்காதீங்க."

நாங்கள் கை வைக்கவில்லை. மச்சான் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் வைத்தான்.

அவன் சைக்கிளில் ஆலைக்குப் போய் பிளாஸ்டிக் பக்கெட் நிறையச் சுண்ணாம்புச் சரக்கு கொண்டுவந்தான். அழுகிய முட்டை வாடை. நான் சும்மா விட்டுவிடவில்லை. துருப் பிடிக்குமா, போல்ட் மரை போய்விடுமா, வாடை காருக்குள் வருமா, இத்தாலிக்காரருக்குத் தெரியுமா, போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ஒன்னும் ஆவாது மாமா" என்றான். பாய் சொன்ன அலுமினியத்தைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. அந்தப் பாடம் ஒன்பதாவதில் இருந்திருக்கலாம்.

மேனிஃபோல்டைப் பக்கெட்டுக்குள் இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் அடுப்பில்லாமலே நுரைத்துப் பொங்கியது.

"பாத்தீங்களா, வேலை செய்யுது" என்றான் மச்சான்.

டீக்கடைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, சோறு வடிக்கிறீங்களா?"

ஆடு வந்து ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அங்கே புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றே.

இரண்டரை மணி நேரம் அந்த நுரையை நாங்கள் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வெளியே எடுத்து ஓஸ் தண்ணீரில் கழுவினோம். கேஸ்கெட் உட்காரவேண்டிய வழுவழுப்பான முகம் சொறி பிடித்த மாதிரி குழிகுழியாக இருந்தது. ஓரமாக இருந்த மெல்லிய குழாய் ஒன்றைக் காணோம். பக்கெட்டிலும் இல்லை. உள்ளே இருந்த கார்பன் மட்டும், கொஞ்சம் இளகினதோடு சரி, குளித்துத் தலை துவட்டிய மாதிரி பளபளவென்று அப்படியே உட்கார்ந்திருந்தது.

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ பழைய ஞாபகம் வந்தவனாகச் சொன்னான்: "யார்டுக்குள்ள அலுமினியத் தூக்குகூடக் கொண்டாரக் கூடாதும்பாங்க மாமா. ஓட்டையாயிடுமாம்."

"இதைக் காலைல சொல்லியிருந்தா இன்னாடா?"

"நீங்க தூக்கைப் பத்திக் கேக்கலியே."

பாய் வந்தார். மேனிஃபோல்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "முடி சுத்தமாப் போயிருக்குது" என்றார்.

புதுசு வாங்க எனக்கு வக்கு இல்லை. பாய் சென்னையில் பழைய பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டு, ஆறாயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று முடித்து, பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மச்சானுக்கு மனசு இளகிவிட்டது. "பாதி நான் தர்றேன் மாமா" என்றான். பாய், இரண்டாவது டீயோடு வந்த பெரியவர், ஆடு என்று எல்லோரும் கேட்டார்கள்.

திங்கட்கிழமைக்குப் பாயின் தம்பியுடைய காரை வாடகைக்குக் கெஞ்சி வாங்கி, அவரையே ஓட்டச் சொல்லி அனுப்பினேன். ஞாயிறு ராத்திரியே பஸ்ஸில் வந்துசேர்ந்த பழைய மேனிஃபோல்டிலும் கரி இருந்தது. அதைப் பாய் தன் முறைப்படி டீசலில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டி, திங்கள் ராத்திரிக்குள் மாட்டிக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் என் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பின்னால் இருமல் சத்தம் கேட்கவில்லை.

"சரி, நீயே ஓட்டு" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா நேத்து வந்த வண்டி அம்பது நிமிஷத்துல வந்துட்டது. நீ இன்னா, ஒன்னேகால் மணி நேரம்? இனிமே அம்பது நிமிஷம்" என்றார்.

பாய் எழுதாமல் கொடுத்திருந்த மருந்தும் அதுதான்: பள்ளிகொண்டா தாண்டினதும் கியரைக் குறைத்து மூவாயிரம் ஆர்பிஎம்மில் இருபது நிமிஷம் விரட்டு, சும்மா நிற்கும்போது அணை, ஆயிலை நேரத்துக்கு மாற்று. நான் எண்பதில் ஓட்ட ஆரம்பித்தேன். அதுவரை தூங்கிக்கொண்டே வந்த இத்தாலிக்காரர் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வருஷம் கழித்துப் பாய் கழற்றிப் பார்த்தபோது மேனிஃபோல்டில் நாலு விரலும் தாராளமாகப் போனது. என் உள்ளங்கை மட்டும் ஈரமாகவே இருந்தது.

தவணை முடிந்து கார் என் பேருக்கே வந்தது. மச்சானின் பாதிதான் வரவில்லை. மனைவியிடம் பஞ்சாயத்துக்குப் போனேன்.

"என் தம்பி அன்னைக்கு சர்ச்சுல இருந்தானாமே" என்றாள்.

"அவன் சர்ச்சுக்கு வரலைன்னு நீதானே அன்னைக்குத் திட்டினே?"

"அது வேற ஞாயித்துக்கிழமை."

பாய், தான் தொழப் போயிருந்ததாகச் சொன்னார், அது உண்மை; திரும்பி வந்ததை மட்டும் சொல்லவில்லை. டீக்கடைப் பெரியவர், தான் டீயைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மச்சான் இருநூற்று ஐம்பது ரூபாய் கொண்டுவந்து, "இது கேக் வாங்க மாமா, அதுக்கில்ல" என்று நீட்டினான். நான் அதற்கென்றே வரவு வைத்துக்கொண்டேன். பாக்கி மூவாயிரம் ரூபாய்.