குடும்பப் பெயருக்குப் பதில் ஒரு புள்ளி

சேஷுவைப் போல ஒரு மண்டூகத்தை நான் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், சொல்ல எனக்கு உரிமை உண்டு. பூனா பக்கம் போசரியில் எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஃபார்மில் 'ஆட்நாவ்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். குடும்பப் பெயர் கேட்கிறார்கள். நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? காலியாக விடக்கூடாது என்று கிளார்க் அதட்டியதும் அவன் அப்பா அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டார். மார்க் ஷீட்டிலிருந்து கம்பெனி அட்டை வரை இன்றைக்கும் அந்தப் புள்ளிதான். பூனாவில் எத்தனையோ தமிழர்களுக்கு இதே கதை. "என்ன மிஸ்டர் புள்ளி, டீ குடிக்க வரீங்களா?" என்று கூப்பிடுவேன். சிரித்துக்கொண்டே எழுந்து வருவான்.

போன வருஷம் கம்பெனி ஒரு தேடல் மென்பொருள் வாங்கியது. மெயில், ஃபைல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடலாம். ஆனால் தொழிலாளர்கள் புகார் எழுதிவைக்கும் பழைய கம்ப்யூட்டர் அதற்குத் தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு பகுதியை உருவாக்கி, ஏபிஐ என்கிற இணைப்பு வழியாக ஒவ்வொரு புகாரையும் நாமே அனுப்பவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐடி. அதே ஐடியில் இன்னொன்று போனால் முதலில் போனது அழிந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டரில் ஊழியர் எண் கிடையாது. அதனால் சேஷு குடும்பப் பெயர், பெயரின் முதல் எழுத்து, தேதி மூன்றையும் சேர்த்து ஐடி ஆக்கினான். ஷிண்டே, பவார், ஜாதவ் என்று இருபது பெயர்களை வைத்துச் சோதித்தான். பிரமாதமாக வேலை செய்தது. தன் பெயரை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை, பாவி.

"பழசை ஒரு மாசமாவது வெச்சிரு, சேஷு" என்றேன்.

"எல்லாம் புதுசுக்குப் போயிடுச்சு, ஸ்டெல்லா. ஒரு எர்ரர்கூட வரல."

பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து, அதைக் காயலான் கடைக்குப் போட்டார்கள்.

ஆகஸ்டில் ஜம்பு அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. பத்தொன்பது வருஷம், தகட்டை அழுத்தி வெட்டும் பிரெஸ் ஷாப்பில் நின்றவர். மிதியைத் தொடாமலே மெஷின் தானாக இறங்கிவிட்டது. நிர்வாகமோ, அஜாக்கிரதை என்று சொல்லி அவர் வேலைக்கே உலை வைத்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் எங்கள் அறைக்கு வந்தார்.

"மார்ச்சு பதினாலாம் தேதி எழுதிக் குடுத்திருக்கேன், தம்பி. பிரேக்கு பிடிக்கல, தானா இறங்குதுன்னு எழுதினேன். அதை மட்டும் எடுத்துக் குடுத்துடு, என் வேலை நிக்கும்."

"இதோ எடுத்துடறேன், அண்ணே" என்றான் சேஷு.

அந்தத் தேதிக்குத் தேடினால் பிரெஸ் ஷாப்பிலிருந்து ஒரே ஒரு புகார்தான் வந்தது. கேன்டீன் டீ தண்ணியாக இருக்கிறது என்று ஜான் எழுதியது. ஐடியைப் பார்த்தோம். ஒரு புள்ளி, ஆங்கில எழுத்து ஜே, தேதி. ஜானும் ஜேதான், ஜம்புவும் ஜேதான். இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் புள்ளிதான்.

"ஐயோ ஸ்டெல்லா, அண்ணன் எழுதினத நானே அழிச்சிட்டேன்" என்றான். நாள் தவறாமல் அவனைத் திட்டுகிற எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது.

விசாரணையில் 'கிடைக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. தப்பு தன்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னான். ஒரே ஐடிக்கு இரண்டு புகார் போயிருப்பதை மென்பொருளின் பதிவேடான லாகிலிருந்து அச்செடுத்துக் காட்டினான்.

மேனேஜர் கேஷவ் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "முதலில் போனதில் என்ன எழுதியிருந்தது?"

லாகில் ஐடியும் நேரமும்தான் இருக்கும், எழுதியது இருக்காது. "தெரியாது, சார்."

"அதுவும் டீயைப் பற்றியதாக இருக்கலாம், இல்லையா?"

நாசமாய்ப் போக அந்தக் கேள்வி! அதோடு ஜம்பு அண்ணனின் வேலை போயிற்று.

கடைசி நாளில் ஜம்பு அண்ணன் இடது கையால் கணக்குத் தீர்க்கும் ஃபார்மை நிரப்பினார். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. ஆட்நாவ் கட்டத்தில் வைத்த புள்ளி மட்டும் சரியாக விழுந்தது. போகும்போது சேஷுவின் தோளைத் தொட்டு, "நான் எழுதினேன்னு நீயாவது சொன்னியே, தம்பி" என்றார். அதற்குப் பதில் அவர் தன்னைத் திட்டிவிட்டே போயிருக்கலாம் என்று சேஷு இன்னும் புலம்புகிறான்.

இப்போது ஒவ்வொரு புகாருக்கும் தொடர் எண் கொடுத்திருக்கிறான். ஒன்றை இன்னொன்று அழிப்பதில்லை. போன வாரம் சரிபார்ப்பதற்காகப் பெட்டியில் ஜம்பு என்று அடித்தான். உடனே வந்தது, ஒரே ஒரு காகிதம். அவருடைய வேலைநீக்கக் கடிதம்.